திலகவதி அண்ணியின் காப்பி பாட்டில்

என் அண்ணி திலகவதிக்குப் பொறாமை வந்தால் மறைக்கத் தெரியாது. காது மடல் இரண்டும் சிவந்துவிடும். பக்கத்து வீட்டு மங்களம் அக்கா சன்னலுக்குப் புதுத் திரை போட்டால் சிவக்கும். எனக்குப் பாசார் சந்தையில் நல்ல செருப்பு மலிவாகக் கிடைத்துவிட்டால் சிவக்கும். ஒருநாள் என் அண்ணன் நாகமுத்து, அதாவது அவள் புருஷன், டிவியில் செய்தி வாசித்த பெண்ணுக்கு உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தான். அன்றைக்கு எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இல்லை. யாரும் வாய் திறக்காமல் குடித்துவிட்டு எழுந்தோம்.

நாத்தனார் சொல்வதை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பாவிட்டால் போங்கள். ஒரே வீட்டில், ஒரே ஃபேக்டரியில், ஒரே பஸ்ஸில் அவளோடு இருந்தவள் நான். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். நேரில் 'வாங்க, போங்க' என்பேன். இங்கே 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன், அப்போதுதான் எனக்குச் சரியாகச் சொல்ல வரும்.

மலாக்காவில், லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏழு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவள் அண்ணி. நாலாவது பிள்ளைக்கு எதுவும் புதிதாகக் கிடைக்காது. அக்கா போட்டுக் கழித்த சட்டை, அண்ணன் கிறுக்கிய புத்தகம். அவள் அம்மா கூப்பிடும்போதுகூட மூன்று பேர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இவள் பெயருக்கு வருவார். கல்யாணமாகி பெம்பானில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள், 'நாகமுத்து பெண்டாட்டி' ஆனாள். செங் ஊர் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள், சட்டையில் குத்திய அட்டையில் ஓர் எண் ஆனாள்.

தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் அவள் திலகவதி. ஃபேக்டரியின் லாபியில் பெரிய கோலம் போடுவாள். எங்கள் பக்கத்தில் கோலம் என்றால் அரிசிக்குச் சாயம் ஏற்றி, காயவைத்து, சாக்பீஸால் கீறிய படத்துக்குள் நிரப்புவது. முடித்ததும் ஓரத்தில் ஓர் அட்டை வைப்பார்கள். அதில் கொட்டை எழுத்தில் அவள் பெயர் மட்டும் இருக்கும். மேனேஜர் வந்து அதை வாசித்துவிட்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகொடுப்பார். அந்த ஒரு நாளுக்காகத்தான் இவள் மீதி நாளெல்லாம் பஸ் ஏறுகிறாள் என்று அண்ணன் கேலி செய்வான். அண்ணன்தான் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸை ஓட்டினான். கேலி என்றாலும் அது முழு உண்மை.

ஜானகி வந்து சேர்ந்தது தொண்ணூற்று ஆறில். பெம்பானுக்கு உள்ளே தள்ளியிருந்த தோட்டத்துப் பெண். மெலிந்த உடம்பு, சத்தம் வராத பேச்சு. சேர்ந்த புதிதில் ஓய்வு நேரத்தில் பழைய அட்டைப்பெட்டி மேல் சாக்பீஸால் ஒரு மயில் கீறினாள். அந்தப் பக்கம் போன மேனேஜர் நின்று பார்த்தார். நின்றதோடு விட்டாரா, அந்த அட்டையை வெட்டித் தன் அறையில் மாட்டிவிட்டார். அன்றைக்கு அண்ணியின் காதைப் பார்க்க வேண்டுமே. பஸ்ஸில் ஜானகி "அக்கா, இங்க உக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தாள். அண்ணி வீடு வரை நின்றுகொண்டே வந்தாள்.

"அவ என்னா உங்களக் கடிச்சாளா அண்ணி?" என்றேன்.

"மரியாதை குடுக்குறாளாம் மரியாதை. குடுத்துக் குடுத்தே எடத்தப் புடிச்சிருவா பாரு" என்றாள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. எங்கள் தொழில் மறைவுக் குறி அச்சடிப்பது. மருந்துப் பெட்டியிலும் விலை உயர்ந்த சாமான் பெட்டியிலும் ஒட்டுகிற லேபல்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஊதா விளக்கைக் காட்டினால் எழுத்து ஒளிவிடும், சரக்கு அசலா போலியா என்று தெரிந்துவிடும். அண்ணி அந்த விளக்கு அறையில் லேபல் சோதிப்பவள், நான் பேக்கிங். மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தத் தடவை லாபிக் கோலமும் ஊதா விளக்கில் ஒளிர வேண்டும். யார் போடுவது என்று முடிவு செய்ய கேன்டீனில் ஒரு போட்டி. ஜெயித்தவருக்கு லாபி.

"ஆறு வருஷமா நான் ஒக்காந்த எடத்துக்குப் போட்டியா?" என்று அண்ணி அரிசி களைகிற சட்டியைத் தொம்மென்று வைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லாபி போனால் பெயர் போகும். பெயர் போனால் மறுபடி எண்தான். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஃபேக்டரிக்கு ஒரு புது மஞ்சள் நிறச் சாயத்தூள் மாதிரிக்கு வந்திருந்தது. விளக்கில் பிடித்தால் கண் கூசும். எங்கள் பச்சையும் சிவப்பும் அதன் கிட்டே நிற்க முடியாது. கெமிஸ்ட் மிஸ் லிம் நல்ல சீனப் பெண். வேலைக்கு எடுத்ததுபோக மிச்சத் தூளைக் கோலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி மொத்தத்தையும் வழித்து எடுத்துக்கொண்டுவிட்டாள். கை விளக்கு ஒன்றையும் இரவல் கேட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமையலறைச் சன்னலுக்குக் கம்பளியை மாட்டி இருட்டாக்கினோம். தூளை அப்படியே அரிசியில் புரட்டினால் உதிர்ந்துவிடும், சாயம் என்றால் கரைந்து உள்ளே இறங்க வேண்டும் என்பது அண்ணியின் கணக்கு. தண்ணீரில் அது கரையவே இல்லை. எனவே அச்சுத் தட்டு துடைக்கிற அசிட்டோனைக் கொண்டுவந்திருந்தாள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் அதே வாடை. காலிக் காப்பி பாட்டிலில் ஊற்றித் தூளைப் போட்டாள். சர்க்கரை மாதிரி கரைந்து போனது. கண்ணாடி போலத் தெளிவான மஞ்சள்.

"லைட்ட அடி மலரு."

அடித்தேன். ஒன்றும் இல்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். பாட்டில் பாட்டிலாகவே இருந்தது.

விளக்கு அறையில் ஒரு விதி உண்டு. பச்சைச் சாயமோ சிவப்போ மங்கலாகத் தெரிந்தால் அது கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம், இன்னும் இளக்க வேண்டும். அந்தச் சாயங்கள் கூட்டம் சேர்ந்தால் அவிந்துவிடும், விலகி நின்றால் ஒளிரும். அண்ணிக்கு அது கைப்பழக்கம். ஆகவே இன்னும் அசிட்டோன் ஊற்றினாள். இருட்டு. இன்னும் ஊற்றினாள். மஞ்சள் நிறம்தான் வெளிறியது, வெளிச்சம் வரவில்லை.

"செத்துப்போச்சு" என்றாள். "எல்லாத் தூளையும் போட்டுக் கொன்னுட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து, மூடியை இறுக்கி, பாட்டிலை அலமாரி மேலே வைத்தாள். பச்சையை வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் தேற்றினேன்.

போட்டியன்று காலை பஸ்ஸில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அலமாரி மேலே பாட்டிலைக் காணோமே என்று சும்மாதான் கேட்டேன். அண்ணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜானகிக்குக் குடுத்துட்டேன்."

"எத? அந்தச் செத்த சாயத்தையா?"

"அவதான் வந்து கேட்டா. மயிலுக்கு மஞ்சள் வேணுமாம். 'அக்கா, கொஞ்சம் தருவீங்களா'ன்னு. இந்தா, கரைச்சே வச்சிருக்கேன், கொண்டு போன்னு குடுத்தேன்."

"அதுல வெளிச்சம் வராதுன்னு சொன்னீங்களா?"

காது மட்டும் பதில் சொன்னது. எனக்கு வந்த கோபத்தில் பஸ் என்றும் பார்க்காமல் பொரிந்து தள்ளிவிட்டேன். "இது ஒரு பொழப்பா அண்ணி? ஜெயிக்கணும்னா நல்லாப் போட்டு ஜெயிக்கணும். வந்து கேட்ட புள்ளைக்கு வெஷத்தக் குடுப்பீங்களா?" முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு, "அவளுக்கு எல்லாம் கெடைக்குதுலா மலரு. எனக்கு அந்த ஒண்ணுதான்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன திட்டுவது. ஜானகியைக் கண்டு சொல்லிவிடலாம் என்று இறங்கியதும் ஓடினேன். அவள் விடிவதற்கு முன்பே வேறு வண்டியில் வந்து கேன்டீனுக்குள் உட்கார்ந்துவிட்டாளாம். போட்டியாளர் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை.

மத்தியானம் எல்லோரையும் அழைத்தார்கள். சன்னலுக்கெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. தரையில் நாலைந்து கோலங்கள். அண்ணியுடையது பெரிய தாமரை, கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. ஜானகியின் மயில் வெளிச்சத்தில் பார்க்க சாதாரணமாகத்தான் இருந்தது. தோகைக் கண்ணெல்லாம் வெளிறிய மஞ்சள் அரிசி. அதைப் பார்த்து அண்ணியின் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன். நிம்மதி வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள். தாமரை பச்சையாக ஒளிர்ந்தது, அழகாகவே ஒளிர்ந்தது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. மயிலின் தோகைக் கண் ஒவ்வொன்றும் அடுப்பு நெருப்பு போல மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் நின்றவர்களின் முகமே தெரிந்தது. "ஐயோ" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணி என் கையைப் பிடித்தாள்.

மிஸ் லிம்தான் முதலில் மயிலின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். தூளாகத் தூவினால் இப்படி அரிசியோடு ஒட்டாதே, கரைத்தால் ஒளி வராதே, எப்படிச் செய்தாய் என்று மலாயில் கேட்டார். ஜானகி எழுந்து நின்றாள்.

"திலகா அக்கா அசிட்டோன்ல கரைச்சுக் குடுத்தாங்க. நான் தண்ணி ஊத்தி, கொஞ்சம் கஞ்சி கலந்து, அரிசிய ஊறவச்சேன். அவங்கதான் எல்லாம்."

தண்ணீர் என்றதும் மிஸ் லிம் தலையில் கை வைத்துச் சிரித்தார். பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஜானகியிடம் தண்ணீர் கலக்காமல் மிச்சமிருந்த கரைசலை விட்டு, எல்லோரும் பார்க்கும்படி தண்ணீரைச் சேர்த்தார். தெளிவாக இருந்தது பாலாகக் கலங்கியது. கலங்கியது ஊதா விளக்கில் மஞ்சளாக எரிந்தது. தண்ணீர் சேர்த்தால் எதுவும் மங்கத்தானே வேண்டும்? இது எதிர்ப்பக்கம் போனது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்தத் தூளின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கை மாதிரி ஆடுகிற பாகம் இருக்கிறதாம். அசிட்டோனில் அது தனித்தனியாக மிதக்கிறது, கையை வீசிச் சுற்றுகிறது. விளக்கு கொடுக்கிற சக்தி முழுவதும் அந்த ஆட்டத்தில் சூடாகப் போய்விடும், ஒளிக்கு மிச்சமில்லை. தண்ணீரோடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் வந்ததும் ஒன்றையொன்று நெருங்கித் திரண்டுகொள்ளும். அந்த நெருக்கத்தில் கையை ஆட்ட இடமிருக்காது, வாங்கிய சக்தியை ஒளியாக விட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் பச்சைச் சாயம் வேறு சாதி. அது தட்டுபோலத் தட்டையானது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டால் ஒளி உள்ளேயே அமுங்கிவிடும். இதெல்லாம் தன் ஊகம்தான், தூளை அனுப்பியவர்கள் உலர்ந்தால் ஒளிரும் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்றும் மிஸ் லிம் சொன்னார்.

என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம பஸ் மாதிரிலா" என்றான். "சனிக்கிழம பஸ்ஸு காலி. ஆளுக்கு ஒரு சீட்டுல கை கால நீட்டி ஆடிக்கிட்டு வருவீங்க, ஒரு சத்தம் இருக்காது. திங்கக்கிழம நெருக்கத்துல வெரல அசைக்க முடியாது. அன்னிக்குத்தான் பாட்டும் கூத்தும் என் காது கிழியும்." படிக்காதவன் சொன்னாலும் எனக்கு அதுதான் மனதில் நின்றது.

மேனேஜர் மைக்கை எடுத்தார். ஜானகியின் பெயரைச் சொன்னார். உடனே, "திலகவதி" என்றார். கரைத்துக் கொடுத்தவளும் வரைந்தவளும் சேர்ந்து லாபியில் போட வேண்டும் என்றார். கைதட்டல். அண்ணி ஆசைப்பட்டதும் அதுதானே, மைக்கில் அவள் பெயர். முன்னே போனவள் முகம் வேப்பங்காய் தின்றதுபோல இருந்தது.

"நான் ஒண்ணும் செய்யல. அது செத்த சாயம்னு நெனச்சுதான் குடுத்தேன். தண்ணி ஊத்துனது அவ" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். அதையும் சத்தமாகத்தான் சொன்னாள். யாராவது நம்பினார்களா? என்ன அடக்கம் பார் என்று இன்னும் கொஞ்சம் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லியும் தப்பிக்க முடியாமல் நின்ற ஓர் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜானகி எங்கள் சீட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் காப்பி பாட்டில். பளபளவென்று கழுவியிருந்தது. உள்ளே தாள் சுற்றிய மிட்டாய்கள் நிறைய இருந்தன.

"இதெல்லாம் எதுக்கு?" என்றாள் அண்ணி.

"வெறும் பாட்டில எப்படிக்கா திருப்பிக் குடுக்குறது? சாயம் இருந்ததுல சீனி போட வேணாம்னுதான் தாள் சுத்துன முட்டாய்."

அண்ணி பாட்டிலை வாங்கவில்லை. "குடுத்ததும் நீ லைட்டுல வச்சுப் பாக்கல?"

"அன்னிக்கே பாத்தேன்கா. ஒண்ணும் தெரியல."

"அப்ப நான் எதுக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சிருக்குமே."

ஜானகி பாட்டில் மூடியைத் திருகினாள். "தெரிஞ்சிச்சுக்கா. பாத்ரூமுல போயி அழுதேன். அப்புறம், எரவல் பாட்டில நம்ம வச்சிக்கக் கூடாது, கழுவிக் குடுத்திரலாம்னு, நெறத்துக்காச்சும் ஆகட்டும்னு பாதிய வேற டப்பாவுல ஊத்திட்டு மிச்சத்துல பைப்பத் தொறந்தேன். பால் மாதிரி ஆச்சு. பக்கத்துல அந்த ஊதா லைட்டு அணைக்காம எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு. அப்பதான் பாத்தேன்."

"பெறகு எதுக்குடி எம் பேரச் சொன்ன?"

"கரைச்சது நீங்கதானக்கா. நானா இருந்தா தூளத்தான் தூவியிருப்பேன்."

அண்ணி பாட்டிலை வெடுக்கென்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரவு என்னிடம் வந்து, "ரெண்டு வார்த்த திட்டியிருந்தா என்னா மலரு? திட்டாம விட்டு என்னை இப்படிப் பண்ணிட்டாளே" என்று அழுதாள். மிட்டாயில் ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லை.

லாபிக் கோலத்தை இருவரும் சேர்ந்து போட்டார்கள். அட்டையில் ஜானகியின் பெயர் மேலே, அண்ணியின் பெயர் கீழே. காது சிவந்தது, வேறென்ன. ஆனால் பாட்டில் இப்போது அண்ணியிடம் இருந்தது. அவளும் வெறுமையாகத் திருப்ப முடியாது. தாள் மிட்டாய்க்கு மேலே ஒரு படி போக வேண்டுமென்று மலாக்கா டவுன் வரை போய்ச் சரிகை ரிப்பன் வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். ஜானகி அதைப் பொட்டு அட்டைகளோடு திருப்பினாள். அண்ணி ஊசிநூல் உருண்டைகள் வைத்தாள், எல்லாம் வேறு வேறு நிறம். இப்படியே தொண்ணூற்று ஏழு முழுவதும் அந்தக் காப்பி பாட்டில் எங்கள் பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணி திறந்து பார்த்து, "என்னைவிட நல்லதா வச்சிருக்கா பாரு" என்று வயிறெரிவாள். அடுத்த நாளே என்ன வைக்கலாம் என்று என் உயிரை வாங்குவாள்.

தொண்ணூற்று எட்டின் நடுவில் ஜானகிக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு எங்கே தெரியுமா, லூபோக் சீனா. "எம் பொறந்த ஊருக்கே வாழப் போறா, அதையும் எடுத்துக்கிட்டா" என்றாள் அண்ணி. சொல்லிக்கொண்டே பாட்டில் நிறையக் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள். ஒன்றும் உடையாமல் இருக்க இடையில் பஞ்சு வைத்தாள். மண்டபத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். ஜானகி வேலையை விட்டுவிட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு லாபி முழுசாக அண்ணிக்கே. போட்டி இல்லை, பங்கு இல்லை. அட்டையைக்கூட முன்கூட்டியே அடித்து வைத்துவிட்டார்கள், அதில் ஒரே ஒரு பெயர். நான் ஓய்வு நேரத்தில் எட்டிப் பார்த்தபோது மயிலுக்குக் கோடு மட்டும் கீறியிருந்தது. சாய அரிசித் தட்டுகள் தொடாமல் இருந்தன. அண்ணியைக் காணோம்.

காவலர் கொட்டகைக்குப் பக்கத்தில் காசு போட்டுப் பேசுகிற தொலைபேசியில் அவள் குரல் கேட்டது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஜானகியா? நான்தான். என் பாட்டில் எங்கடி? கல்யாணத்துல குடுத்தது, இன்னும் திரும்பி வரல. ... தபால்ல எல்லாம் போடாத, ஒடஞ்சிரும். நீயே எடுத்துக்கிட்டு வா. நாளைக்குக் காலையில பஸ்ஸு இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "இங்க தோகை எல்லாம் அப்படியே கெடக்கு. எனக்குக் கை ஓடல. ... கேளு, வெறும் பாட்டிலோட வந்தேன்னா, ஃபேக்டரி கேட்டுக்குள்ள விட மாட்டேன்."